தாவரவியல் பூங்காப் பயணம்: திட்டமிடும் முறை

தாவரவியல் பூங்கா என்பது பல நிலப்பகுதிகளைச் சேர்ந்த செடி, கொடி, மரங்களைச் சேகரித்து, இனம் பிரித்து, பெயர்ப்பலகையிட்டு, கல்விக்காகவும் ஆய்வுக்காகவும் வளர்க்கும் இடமாகும். பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது பெயர்ப்பலகையே. பலகைகளைப் படிக்காமல் புல்வெளியில் படம் எடுத்துத் திரும்பினால் பயணத்தின் பாதிப் பயன் போய்விடும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மாணவர்கள் உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பூங்காவின் வரலாறு

இப்பூங்கா தொட்டபெட்டா மலைச்சரிவில் சுமார் 22 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ளது. 1848இல் இதை உருவாக்கும் பொறுப்பை ஏற்றவர், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்கைவர். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் தரும் சிங்கோனா மரத்தை 1860களில் நீலகிரியில் பயிரிடும் பணியை நடத்தியவரும் இவரே. அம்மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. தற்போது பூங்காவைத் தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது.

புறப்படும் முன்

முதல் ஆயத்தம் சொந்த ஊரில் தொடங்க வேண்டும். கண்மாய்க்கரை, கோயில் வளாகம், தரிசு நிலம் ஆகியவற்றில் பத்துத் தாவரங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். பனை, வேம்பு, கருவேலம், உடை, ஆவாரை ஆகியவை எளிதில் கிடைப்பவை. இலையின் அளவு, முள் உண்டா இல்லையா, பூக்கும் மாதம், ஊர் மக்கள் பயன்படுத்தும் விதம் ஆகியவற்றை எழுத வேண்டும். கருவேலம், உடை ஆகியவற்றின் சிற்றிலைகள் மிகச் சிறியவை. இலைப்பரப்பு குறைந்தால் நீர் ஆவியாவதும் குறையும். இந்தக் குறிப்பு கையில் இருந்தால்தான் குளிர்மலைத் தாவரங்களோடு ஒப்பிட முடியும்.

காலமும் வழியும்

ஏப்ரல், மே மாதங்கள் கோடைப் பருவம். மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடைபெறும். கூட்டமும் அப்போது மிகுதி. நிதானமாகப் படித்துப் பார்க்க விரும்புவோர் கண்காட்சி நாட்களைத் தவிர்ப்பது நல்லது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் என்பதால் கம்பளி உடை கட்டாயம் தேவை.

மதுரை, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாகச் செல்லலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அது தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நீலகிரியில் தடை உள்ளதால், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு செல்ல வேண்டும்.

பூங்காவில் கவனிக்க வேண்டியவை

பெரணித் தோட்டம், கண்ணாடி மாளிகை, இத்தாலியப் பூங்கா, கல்லாக மாறிய பழங்கால மரத்தண்டு, குரங்கும் ஏறத் தயங்கும் அளவுக்குக் கூரிய இலைகள் கொண்ட அரோகேரியா மரம் ஆகியவை முக்கியமானவை. ஒவ்வொரு மாணவரும் ஐந்து தாவரங்களைத் தேர்ந்து பெயர், தாவரவியல் பெயர், குடும்பம், தாயகம் என நான்கு பத்திகளில் குறிக்கலாம். இலையையோ பூவையோ பறிக்கக் கூடாது, வரைந்துகொள்ளலாம்.

தாயகம் என்ற பத்தி நிரம்பும்போது ஓர் உண்மை புலப்படும். அங்குள்ள பல மரங்கள் கடல் கடந்து வந்தவை. அவ்வாறு வந்த சிங்கோனா மருந்தானது. ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு நீலகிரியில் நடப்பட்ட சீகை மரம், சோலைப் புல்வெளிகளில் பரவி அவற்றை அழித்தது.

திரும்பிய பின்

இதே கேள்வியைச் சொந்த ஊரிலும் கேட்கலாம். கண்மாய்களை மூடி நிற்கும் சீமைக்கருவேலத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 'சீமை' என்ற அடைமொழியே அது வெளியிலிருந்து வந்ததைச் சொல்கிறது. கரிமூட்டம் போடும் குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. கண்மாய்ப் பாசனத்தை நம்பிய உழவருக்கு அதுவே தொல்லை. நாட்டுக் கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் அருகருகே வைத்து, காய், முள், பரவும் வேகம் ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதுவது இப்பயணத்தின் நிறைவுப் பாடமாக அமையும்.

உதகை செல்ல இயலாதோர் கொடைக்கானல் பிரையன்ட் பூங்காவைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் இயலாதபோது, பள்ளி வளாக மரங்களுக்குத் தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், தாயகம் எழுதிய பலகைகளைக் கட்டினால், பள்ளியே சிறு தாவரவியல் பூங்காவாகிவிடும்.