சம்பாதித்த கிரெடிட், கணக்கில் ஏறாத கிரெடிட்

கேளம்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன், பொறியியல் மூன்றாம் ஆண்டு முடித்தவன். போன மாதம் ஒரு சான்றிதழோடு வந்தான். என்.பி.டி.இ.எல்-லில் 8 வாரப் பாடம், 72 மார்க், 'எலைட்' என்று போட்டிருந்தது. "அண்ணா, இதைக் காட்டினா ஒரு எலக்டிவ் குறையும்னு நினைச்சேன். டிபார்ட்மென்ட்ல ஏத்துக்க மாட்டோம்னுட்டாங்க" என்றான். கடைசி வருஷத்தில் புராஜெக்ட், வேலைத் தேர்வு எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த எலக்டிவையும் அவன் எழுதியாக வேண்டும்.

அவன் படித்தது பொய்யில்லை, மார்க்கும் பொய்யில்லை. அப்புறம் எங்கே இடித்தது? அதைத் தேடிப் போனபோது எடுத்த குறிப்புகள் இவை.

முதலில், கிரெடிட் என்பது மார்க் இல்லை. அது ஒரு பாடத்தின் எடை. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் 1 கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணிக்கு 1. சிலபஸில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் எல், டி, பி, சி என்று நான்கு கட்டம் இருக்கும். வகுப்பு, டுடோரியல், லேப், கடைசியில் கிரெடிட். 3, 1, 0, 4 என்றிருந்தால் அது 4 கிரெடிட் பாடம். பாஸ் செய்தால் நான்கும் கிடைக்கும், ஃபெயில் என்றால் நான்கும் போச்சு. பாதி கிரெடிட் கிடையாது.

மார்க் வேறு வழியில் உள்ளே வருகிறது. அண்ணா பல்கலைக்கழக முறையில் 91-உம் அதற்கு மேலும் 'ஓ', அதற்கு 10 புள்ளி. அடுத்தது 'ஏ பிளஸ்', 9. இப்படியே இறங்கும். புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் ஜி.பி.ஏ. 4 கிரெடிட் கணக்கில் 9 புள்ளியும் 1.5 கிரெடிட் லேபில் 6 புள்ளியும் வாங்கியவனுக்கு 45-ஐ 5.5-ஆல் வகுத்து 8.18. கணக்கில் 6, லேபில் 10 வாங்கியவனுக்கு 39-ஐ 5.5-ஆல் வகுத்து 7.09. வெறும் புள்ளியைக் கூட்டினால் இரண்டாமவனுக்குத்தான் அதிகம், 16. முதலாமவனுக்கு 15. லேப் ரெக்கார்டுக்கு ராத்திரி முழிப்பவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நேரத்தை வைத்துப் படிப்பை அளக்கும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கையான கதை. 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். எது 'கல்லூரி' என்று தீர்மானித்தால்தானே பென்ஷன் கொடுக்க முடியும்? சேரும் மாணவர் பள்ளியில் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். ஒரு பாடத்துக்கு வருஷத்தில் 120 மணி நேரம், ஒரு யூனிட். மாணவனுக்கு எவ்வளவு புரிந்தது என்பதை அளக்க வந்ததில்லை அது.

இனி பையனின் விஷயம். என்.பி.டி.இ.எல் பாடங்களில் 12 வாரம் என்றால் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1 என்பது பொதுவான கணக்கு. அவன் விட நினைத்த எலக்டிவ் 3 கிரெடிட். இவன் கையில் 2. அதோடு, சேருவதற்கு முன்பே துறையில் எழுதி அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பது அவன் கல்லூரியின் விதி. இவன் வாங்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

"ஸ்வயம் பாடம் 40 சதவீதம் வரை செல்லும்னு யு.ஜி.சி சொல்லுதே" என்று கேட்டான். 2021 விதியில் அது உண்டுதான். ஆனால் 40 என்பது உச்சவரம்பு. அதற்குள் எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று சொல்வது பட்டம் கொடுக்கிற நிறுவனம். அதே 2021-இல் வந்த கிரெடிட் வங்கியும் (ஏ.பி.சி) அப்படித்தான். பெயர் வங்கி என்றாலும் மாணவன் நேராகப் போய்ப் பணம் கட்டுவது போல அதில் கிரெடிட் போட முடியாது, நிறுவனம்தான் போட வேண்டும். பட்டத்துக்கான கிரெடிட்டில் குறைந்தது பாதியாவது பட்டம் கொடுக்கும் இடத்திலேயே எடுத்திருக்கவும் வேண்டும். கிரெடிட் என்றதும் நம் ஊரில் கடன்தான் நினைவுக்கு வரும். கணக்குப் பிள்ளைகள் எழுதும் 'வரவு' என்ற சொல்தான் இதற்குப் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. காசு சட்டைப்பையில் இருந்தாலும் பேரேட்டில் எழுதாதவரை வரவு இல்லை.

மொத்தம் குறைந்தால் என்ன ஆகும்? ஏ.ஐ.சி.டி.இ 2018-இல் கொடுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் பி.இ-க்கு 160 கிரெடிட். ஒரு கல்லூரி அதையே வைத்திருந்தால், 157-இல் நிற்பவனுக்கு ஜி.பி.ஏ 9 இருந்தாலும் பட்டம் கிடையாது. கம்பெனியில் ஆஃபர் கையில் இருக்கும், சேரும் தேதியில் காட்டச் சான்றிதழ் இருக்காது. மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது இதுதான்.

பையனும் நானும் உட்கார்ந்து அவன் ஏழு, எட்டாம் செமஸ்டர் கிரெடிட்டை ஒரு தாளில் கூட்டினோம். எலக்டிவோடு சேர்த்தால் சரியாக வருகிறது, ஒன்றுகூட மிச்சமில்லை. 72 மார்க் சான்றிதழை ரெஸ்யூமில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஜனவரியில் 12 வாரப் பாடம் ஒன்றில் சேர நினைக்கிறானாம். இந்த முறை முதலில் துறைத்தலைவருக்கு லெட்டர்.