மலையைச் சுரண்டும் ஐஸ் ஆறுகள்... தெரியுமா?

கல்லாக உறைந்த ஐஸ் ஓடும் என்றால் நம்புவீர்களா? ஓடும்! மலைமேல் வருடக்கணக்கில் பெய்த பனி ஒன்றின்மேல் ஒன்றாக அமுங்கி, இடையில் இருந்த காற்று பிதுங்கி வெளியேறி, கெட்டி ஐஸாகிறது. தடிமன் ஏறஏறத் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் சரிவில் நகரத் தொடங்குகிறது. அதுதான் பனியாறு. உலகத்தில் இப்படி எத்தனை இருக்கின்றன தெரியுமா? 2 லட்சத்துக்கும் மேல்!

பூமியின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு இப்போதும் ஐஸுக்கு அடியில்தான் கிடக்கிறது. உலகத்து நல்ல தண்ணீரில் ஏறக்குறைய 69 சதவீதம் உறைந்தே இருக்கிறது. நாம் குடத்தோடு வரிசையில் நின்று சண்டை போடுவதெல்லாம் மிச்சம் இருப்பதற்குத்தான்!

எல்லாவற்றிலும் பெரிய பனியாறு எது? அண்டார்டிகாவின் லாம்பெர்ட்! நீளம் சுமார் 400 கி.மீ., அகலம் சில இடங்களில் 100 கி.மீ. அது வந்து சேரும் பிரிட்ஸ் விரிகுடாக் கரையில்தான் 2012-ல் நம் நாட்டின் 'பாரதி' ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. அண்டார்டிகாவின் ஐஸ் சராசரியாக 2 கி.மீ. தடிமன். மொத்தமும் உருகினால் கடல் எத்தனை மீட்டர் உயரும்? சுமார் 58!

குளிர்தேசத்தில்தான் பனியாறு இருக்கும் என்கிறீர்களா? ஈக்வடார் நாட்டின் கயாம்பே எரிமலைக்குப் போய்ப் பாருங்கள். பூமத்திய ரேகை போகும் சரிவிலேயே வருடம் முழுக்கப் பனி! கீழே எரிமலை, மேலே ஐஸ், நடுவில் பூமத்திய ரேகை. இதைவிட என்ன வேண்டும்?

ஒரு கண்டத்துக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஒரு பனியாறுகூடக் கிடையாது. ஆனால் அந்த நாட்டுக்குச் சொந்தமான ஹெர்ட் தீவில் உண்டு!

சாதாரணப் பனியாறு ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒரு மீட்டர் நகரும். கிரீன்லாந்தின் யாகோப்ஷாவ்ன் 2012 கோடையில் எவ்வளவு நகர்ந்தது தெரியுமா? நாளொன்றுக்கு 46 மீட்டர்! 1912-ல் டைட்டானிக்கை மூழ்கடித்த பனிமலை இதிலிருந்து உடைந்து போனதாகத்தான் கருதப்படுகிறது. இதையும் தூக்கிச் சாப்பிட்டது காரகோரம் மலையின் குதியா பனியாறு. 1953-ல் மூன்றே மாதத்தில் 12 கி.மீ. பாய்ந்தது!

விழுங்கியதைப் பனியாறு திருப்பித் தரும், தெரியுமா? 1820-ல் ஐரோப்பாவின் மோன்ட் பிளாங்க் மலையில் பனிச்சரிவில் சிக்கி மூன்று வழிகாட்டிகள் இறந்தார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. ஐஸ் நகரும் வேகத்தைக் கணக்குப் போட்டார் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ். சுமார் 40 ஆண்டுகளில் அடிவாரத்தில் வெளிப்படுவார்கள் என்றார். 1861-ல் வெளிப்பட்டார்கள்! கணக்கு என்றால் இதுவல்லவா கணக்கு!

அதே மலையில்தான் 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம் மோதியது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட அதிலிருந்த எல்லோரும் பலியானார்கள். இந்திரா காந்தி முதன்முறை பிரதமராகப் பதவியேற்றதும் அதே நாளில்தான்! பிறகு பல ஆண்டுகள் அந்த ஐஸ் வாய் திறக்கவில்லை. 2012-ல் இந்திய வெளியுறவுத் துறையின் தபால் பை ஒன்று கிடைத்தது. 2013-ல் ஒரு மலையேறி கையில் மரகதமும் நீலமும் நிறைந்த பெட்டி சிக்கியது. அவர் அதை நேராகப் போலீஸில் கொடுத்தார்! உரியவர் கிடைக்காததால் 2021-ல் பாதி அவருக்கு, பாதி மலையடிவாரத்து ஷாமோனி ஊருக்கு என்று பங்கு பிரித்தார்கள். 2020-ல் வெளியே வந்தவை இந்தியச் செய்தித்தாள்கள். தலைப்பில் என்ன செய்தி தெரியுமா? இந்திரா காந்தி பிரதமராகப் போகிறார் என்பதுதான்! 54 வருடம் தாமதமாக வந்த பேப்பர், எழுத்து அழியாமல்!

பனியாறு நிலத்தை எப்படிச் செதுக்குகிறது? வெறும் ஐஸால் அல்ல! அதன் அடியில் பாறைத் துண்டுகள் உறைந்து ஒட்டியிருக்கின்றன. மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் பாரம் அழுத்த, மலையையே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபடி போகிறது. மலையாறு அரித்த பள்ளத்தாக்கு 'வி' போல ஒடுங்கியிருக்கும். பனியாறு குடைந்தது 'யு' போல அகன்று கிடக்கும். நார்வேயின் சோக்னே ஃபியோர்டு அப்படிக் குடைந்ததில் கடல் புகுந்த இடம். நீளம் 205 கி.மீ., ஆழம் 1,308 மீட்டர்! ஆல்ப்ஸில் கூர்தீட்டி வைத்ததுபோல் நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரமும் பல பக்கமும் பனியாறுகள் கடித்து மிச்சம் வைத்ததுதான்.

கடித்ததைத் துப்பவும் செய்யும்! கனடாவின் ஒகோடோக்ஸ் ஊர் அருகே புல்வெளியில் ஒரு பாறை தனியே உட்கார்ந்திருக்கிறது. எடை 16,500 டன்! நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளியிருக்கும் ராக்கி மலையில் இருந்து ஐஸ் சுமந்து வந்து இறக்கிவிட்டது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் தீவும் பெரும்பாலும் ஐஸ் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும்தான்!

ஐஸ் அணை கட்டும் என்பது தெரியுமா? 15,000 ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைய அமெரிக்காவின் ஐடஹோவில் சுமார் 600 மீட்டர் உயர ஐஸ் ஒரு ஆற்றை மறித்தது. பின்னால் தேங்கிய ஏரியில் 2,000 கன கி.மீ.க்கும் அதிகமான தண்ணீர்! அணை உடைந்தபோது மொத்தமும் சில நாட்களில் காலி. இது ஒருமுறை அல்ல, பலமுறை நடந்தது! அந்தத் தண்ணீர் பாய்ந்த வாஷிங்டன் மாநிலத்தின் நிலத்தைக் கரும்பாறை தெரியச் சுரண்டியது மாவெள்ளம்தான் என்று புவியியல் அறிஞர் ஹார்லன் பிரெட்ஸ் 1923-ல் எழுதியதும் சக நிபுணர்கள் ஏளனம் செய்தார்கள். கடைசியில் அவர் சொன்னதே சரி என்றானது. அமெரிக்கப் புவியியல் கழகத்தின் பென்ரோஸ் பதக்கம் 1979-ல் வந்தபோது அவருக்கு வயது 90-ஐத் தாண்டிவிட்டது!

ஒடிசாவில் பனியாறு ஓடியது என்றால் சிரிப்பீர்கள். நிலக்கரிக்கும் கொளுத்தும் வெயிலுக்கும் பேர்போன தால்சேரில்தான் ஓடியது! நுண்மணலோடு பெரிய குண்டுக்கற்கள் கலந்து கிடந்ததை 1856-ல் புவியியல் அறிஞர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் பார்த்து, இது ஐஸ் செய்த வேலை என்றார்கள். அவர்களில் ஹென்றிதான் பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டு தென்துருவத்துப் பக்கம் இருந்தது!

ரத்தம் சிந்தும் பனியாறும் உண்டு! அண்டார்டிகாவின் டெய்லர் பனியாற்றில் செக்கச்செவேலென்று நீர் வழிவது 1911-ல் கண்ணில் பட்டது. இரும்பு கலந்த உப்புநீர் காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கிறது, அவ்வளவுதான். அலாஸ்காவிலோ ஐஸுக்குள்ளேயே புழு நெளிகிறது. கொஞ்சம் சூடு பட்டால் உடல் கரைந்து செத்துப்போகும் புழு!

ஐஸ் போன பிறகும் நிலம் சும்மா இருப்பதில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கனத்த ஐஸின் கீழ் அமுங்கிய பின்லாந்துக் கரை இன்னும் எழும்பிக்கொண்டே இருக்கிறது! குவார்கன் தீவுக்கூட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 8 மில்லிமீட்டர். அதனால் அங்கே வருடாவருடம் ஏறக்குறைய ஒரு சதுர கி.மீ. புது நிலம் கடலிலிருந்து முளைக்கிறது. பத்திரச் செலவு இல்லாமல்!

கடைசியாக ஒரு கேள்வி. ஆப்பிரிக்காவில் பனியாறு உண்டா? உண்டு! கிளிமஞ்சாரோ, கென்யா மலை, ருவென்சோரி என்று மூன்று இடங்களில். வீட்டுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் சீக்கிரம் கேளுங்கள்! கிளிமஞ்சாரோவிலும் கென்யா மலையிலும் மிஞ்சியிருப்பவை 2050-க்குள் காணாமல் போய்விடும் என்று 2022-ல் யுனெஸ்கோ சொல்லிவிட்டது.