நோய்க் காலமும் சிறு வணிகரும்

2020 மார்ச் 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு, கொரோனாத் தொற்றைத் தடுக்கப் பிரதமர் அறிவித்த ஊரடங்கு அன்று நள்ளிரவே அமலுக்கு வந்தபோது, சிறு வணிகர்களுக்கு ஆயத்தம் செய்துகொள்ளக் கிட்டிய அவகாசம் நான்கே மணி நேரம். இத்தகைய ஆபத்துக்குரிய யோசனைகளெல்லாம் அது வருவதற்கு முன்னரே செய்யப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை.

அவற்றுள் பிரதானமானது ரொக்கம். விற்பனை அறவே நின்றாலும் வாடகையும் சம்பளமும் வட்டியும் நிற்பதில்லையாதலால், இவற்றை எத்தனை மாதம் தாங்க இயலும் என்பதை ஒவ்வொரு வணிகரும் காகிதத்தில் எழுதிப் பார்த்தல் அவசியம். அவ்வாண்டு ஆகஸ்டு வரை கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது பெரும் சகாயமே. எனினும் அந்த மாதங்களுக்குரிய வட்டி வளர்ந்துகொண்டேதான் இருந்தது. சலுகையை ஏற்குமுன் அதன் விலையையும் கணக்கிடுவதே விவேகம்.

ஒரே சந்தையை நம்பியிருப்பதும் அபாயம். தொற்றுப் பரவியமையால் 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி வாணிபம் திருமழிசைக்குப் பெயர்ந்தபோது, வேறெங்கும் கொள்முதல் பழக்கம் வைத்திராத சில்லறைக் கடைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதே காலத்தில் திருப்பூரில் பனியன் தைத்த நிறுவனங்கள் பல, முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைக்கத் தலைப்பட்டது பாராட்டத்தக்க சாதுரியம்.

நோயுற்ற தொழிலாளி கூலி போய்விடுமென்று அஞ்சி வேலைக்கு வந்து பிறருக்கும் நோயைப் பரப்பிவிடாதபடி, ஊதியத்துடன் விடுப்பு அளிப்பதைத் தர்மமாக மட்டுமன்றித் தொழிலின் பாதுகாப்பாகவும் முதலாளிமார் கருத வேண்டும். அதற்கென ஒரு சிறு நிதியை இம்மாதம் முதலே தனியே எடுத்து வையுங்கள்.