பூனைக்குட்டியின் சொறியும் வீட்டார் செய்யத்தக்கனவும்

கைத்தறி நெசவு நடைபெறும் இல்லங்களில் பூனை வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. பாவுக்கு இட்ட கஞ்சியை நாடி எலி வருகிறது. அது ஓர் இரவில் கடித்தெறிந்த இழைகளைப் பிணைத்து முடிக்க மறுநாட் பகல் முழுதும் போதுவதில்லை. நெல்லும் நிலக்கடலையும் சேமித்து வைக்கும் உழவர் வீட்டின் நிலையும் இதுவே. ஆதலின் எவரேனும் ஒரு பூனைக்குட்டியைக் கொடுக்க முன்வந்தால் நம் அங்கத்தினர்கள் மறுப்பதில்லை. ஆனால் வந்த இரண்டாம் வாரத்திலேயே குட்டி ஓயாமல் சொறிகிறது. காதோரத்தில் மயிர் உதிர்கிறது. வீட்டுக் குழந்தையின் கையில் வட்டமான தடிப்பு ஒன்று தோன்றுகிறது. அப்பொழுது பூனை வளர்த்துப் பழக்கமில்லாதவர் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகும். குட்டியைக் கோணிப்பையில் இட்டு ஊர்ப்புறத்தில் விட்டுவிடுகின்றனர். அல்லது கைக்கு எட்டிய மருந்தை எடுத்துத் தடவுகின்றனர். பின்னது நல்லெண்ணத்தால் செய்யப்படுவது. எனினும் சொறியைக் காட்டிலும் அம்மருந்தே குட்டியின் உயிருக்கு உலை வைப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம்.

நான் தணிக்கைக்குச் சென்றிருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், அங்கத்தினர் ஒருவர் தம் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மிகுந்துவிட்டதென்று நகரத்துக் கடையில் நாய்க்குரிய சொட்டு மருந்தை வாங்கிவந்து அதன் பிடரியில் விட்டார். அந்திப் பொழுதில் பூனையின் காதுகள் துடித்தன; பின்பு உடல் முழுவதும் நடுங்கி வலிப்புக் கண்டது. வீட்டு அம்மையார் தாமதிக்கவில்லை. பாத்திரம் துலக்கும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து மருந்து பட்ட இடத்தை நன்கு கழுவினார். துணியிற் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றார். இரண்டு நாள் சிகிச்சைக்குப் பின் பூனை பிழைத்தது. "நாய்க்கு நல்லதென்றால் பூனைக்கு ஏன் ஆகாது, ஐயா?" என்று அவ்வம்மையார் என்னிடம் கேட்டார். அவ்வினாவுக்கு உரிய விடையைப் பூனை வளர்ப்போர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

அம்மருந்தில் இருந்தது பெர்மெத்ரின் என்னும் பொருள். செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து கிடைக்கும் இயற்கைப் பூச்சிக்கொல்லியைப் பின்பற்றிச் செயற்கையாக ஆக்கப்படுவது அது. பருத்திக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரினும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. நாயின் கல்லீரல் இத்தகைய பொருள்களை வேறொரு அமிலத்தோடு இணைத்து உடலினின்றும் வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கோ அவ்வாற்றல் மிகவும் குறைவு. ஆகவே நஞ்சு உடலிலேயே தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. இதனோடு மற்றொரு காரணமும் உண்டு. பூனை தன் உடலை நாவால் நக்கியே தூய்மை செய்துகொள்வது; அதன் தோலின்மேல் பூசியது எதுவாயினும் சிறிது நேரத்தில் அதன் வயிற்றுக்குள் சென்றுவிடும். பினாயில், மண்ணெண்ணெய், கற்பூரம் காய்ச்சிய தேங்காயெண்ணெய், வயலுக்குத் தெளிக்கும் மருந்துகள், நாய் உண்ணிக்கு நீரிற் கலந்து குளிப்பாட்டும் அமிட்ராஸ் ஆகியவற்றுள் எதனையும் பூனைமேல் இடலாகாது. வேப்பெண்ணெயை இயற்கை மருந்து என்று நம்பிப் பூசுவோரும் உளர். பூனைக்கு அதுவும் தீங்கு பயக்கக்கூடும். காய்ச்சல் என்று எண்ணிப் பாரசிட்டமால் மாத்திரை கொடுப்பது இவை எல்லாவற்றினும் கொடிது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

இனி, குட்டி சொறிவதற்குக் காரணம் யாது என்பதைக் காண்போம். நம் வீடுகளில் முதலில் ஐயுறத்தக்கது தெள்ளுப்பூச்சியே. பூனையின் உடலில் பூச்சி கண்ணுக்குப் புலப்படாவிடினும் அதன் எச்சம் காட்டிக்கொடுக்கும். நனைந்த வெள்ளைத் துணியின்மேல் பூனையை நிறுத்திப் பேன்சீப்பால் மயிரைச் சீவுக. உதிரும் கரும்பொடி ஈரத்தில் செந்நிறமாகக் கசிந்து பரவுமாயின் அது மண்ணன்று. பூச்சி குடித்துக் கழித்த குருதி என்று அறியலாம். இளங்குட்டியின் உடலில் பூச்சி மிகுந்தால் குருதி குன்றி ஈறு வெளுத்துக் குட்டி இறந்தும் போகும்.

தெள்ளுப்பூச்சியைப் பற்றி நெசவாளர்கள் சிறப்பாக அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பூனையின்மேல் காணும் பூச்சிகள் முழுத் தொகையில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் கிடக்கின்றன. ஒரு பெண்பூச்சி நாளொன்றுக்கு 20 முதல் 50 வரை முட்டையிடும். முட்டைகள் வழவழப்பானவை, பூனை படுக்கும் இடமெங்கும் உதிர்ந்துவிடும். வெளிவரும் புழு ஒளியை வெறுத்து, இருளும் ஈரப்பதமும் தூசியும் உள்ள இடத்தைத் தேடிச் செல்லும். குழித்தறியின் குழியைவிட அதற்கு ஏற்ற இடம் வேறு யாது? பஞ்சுத் தூசு அங்கே மெத்தைபோற் கிடக்கிறது. பகலில் குழியின் குளிர்ச்சியை நாடிப் பூனையும் அங்கேயே உறங்குகிறது. கூட்டுக்குள் இருக்கும் பூச்சியோ பல மாதங்கள் வரையிலும் உணவின்றிக் காத்திருக்க வல்லது. வெப்பமும் அதிர்வும் உண்டானவுடன் உயிர் ஒன்று அருகில் வந்துவிட்டது என்று உணர்ந்து வெளிப்படும். சில வாரம் வெளியூர் சென்று திரும்பித் தறியில் அமர்ந்து மிதிகட்டையை மிதித்தவுடன் கணுக்காலில் கூட்டமாகக் கடி விழுவதன் காரணம் இதுவே.

ஆகவே பூனைக்கு மட்டும் மருந்திட்டுக் குழியை விட்டுவிட்டால் செலவு வீணாகும். குழியில் உள்ள தூசு முழுவதையும் துடைத்து வாரி எரித்தல் வேண்டும். பூனை படுக்கும் கோணியையும் துணியையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் இட்டு வெயிலில் உலர்த்துதல் வேண்டும். பூனைக்கு ஃபிப்ரோனில் அல்லது செலமெக்டின் அடங்கிய, பூனைக்கென்றே குறிக்கப்பட்ட சொட்டு மருந்தை, நாவுக்கு எட்டாத பிடரியில் மயிரை விலக்கித் தோலின்மேல் விடலாம். இவை 8 வாரம் நிறைந்த குட்டிகளுக்கு உரியவை. அதனினும் இளங்குட்டியைப் பேன்சீப்பால் சீவிப் பூச்சிகளைச் சோப்பு நீரில் இட்டுக் கொல்வதே தக்கது. ஈரம் பட்டால் உடனே துவட்டி வெதுவெதுப்பாக வைத்தல் வேண்டும். வீட்டில் உள்ள எல்லாப் பூனை நாய்களுக்கும் ஒரே காலத்தில், அவ்வவற்றுக்கு உரிய மருந்தை இடுக. கூட்டில் உறங்கும் பூச்சிகள் சிறிது சிறிதாக வெளிவருமாதலின் மூன்று மாதமாவது இதனை விடாது செய்தல் வேண்டும். முதல் மாதம் முடிந்தும் இரண்டொரு பூச்சி தென்பட்டால் மருந்து பயனற்றது என்று எண்ணிவிடற்க.

பூனையின் ஆசனவாயருகே அரிசிமணி போன்ற வெண்துணுக்குகள் காணப்பட்டால், தெள்ளுப்பூச்சியை விழுங்கியதால் நாடாப்புழு உண்டாயிற்று என்பது பொருள். அதற்குக் குடற்புழு மருந்து தனியே வேண்டும்.

காதின் விளிம்பில் தொடங்கி முகம், இமை, கழுத்து என்று பரவி, பின்பு முன்னங்காலிலும் தடித்த சாம்பல்நிறப் பொருக்கு படிந்து, தோல் சுருங்கி, குட்டிக்கு முதியவர் முகம்போன்ற தோற்றம் வருமாயின் அது சொறிப்பூச்சியின் வேலையாகும். கண்ணுக்குத் தெரியாத இப்பூச்சி தோலைத் துளைத்து உள்ளே வாழ்வது. தினவு தாங்காமல் குட்டி குருதி வரச் சொறியும், உணவு மறுக்கும், கவனியாது விட்டால் மெலிந்து மாயும். ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்கு மிக விரைவில் தொற்றும். தூக்கி வைத்துக்கொள்வோர் கையிலும் வயிற்றிலும் அரிப்புக் கொப்புளம் தோன்றலாம். ஆனால் இப்பூச்சி மனித உடலில் நிலைத்து வாழாது. பூனை குணமாயின் அதுவும் மறையும். தோலைச் சுரண்டி எடுத்த செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் நோய் தெளிவாகும். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு அருகே வாழ்வோர் அங்கே காட்டலாம். ஏனையோர் தம் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குச் செல்க.

இந்நோய்க்கு ஐவர்மெக்டின் ஊசி பயன்படுகிறது என்று கேள்விப்பட்டு, ஆட்டுக்கு வாங்கிய குப்பியிலிருந்து தாமே செலுத்துவோர் உளர். அவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்த்தல் நன்று. 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ளது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற அளவில், ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு வேண்டியது ஒரு மில்லிலிட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. கை சற்றே தவறினால் அளவு பத்து மடங்காகிவிடும். இது மருத்துவர் கையால் நடைபெறவேண்டிய செயல். அல்லது செலமெக்டின் சொட்டு மருந்தை அவர் எழுதித் தருவார்.

காதினுள்ளே காப்பிப் பொடி போன்ற கறுப்பு அழுக்கு நிறைந்து, குட்டி தலையை உதறிக்கொண்டே இருந்தால் அங்கும் ஒருவகை நுண்பூச்சியே காரணம். குச்சியில் பஞ்சு சுற்றி ஆழமாகக் குடைதல் கூடாது. மேற்கூறிய செலமெக்டின் இதற்கும் பயன்படும்.

வீட்டாருக்குப் பெரிதும் கவலை தருவது படர்தாமரை. இது புழுவோ பூச்சியோ அன்று; ஒருவகைப் பூசணம். பூனையின் முகத்திலும் காதிலும் முன்பாதத்திலும் வட்டவட்டமாக மயிர் முறிந்து செதில் காணும். தினவு மிகுதியாக இராது. சில பூனைகள், சிறப்பாக நீண்ட மயிருடையவை, எவ்வகை அறிகுறியும் இன்றியே இதனைச் சுமந்து திரிவதுண்டு. தொற்றிய ஒன்று முதல் மூன்று வாரத்தில் நோய் வெளிப்படும். மருத்துவர் புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியில் காணும்பொழுது நோயுற்ற மயிர் பச்சை நிறமாக ஒளிரக்கூடும். எல்லாப் பூனைகளிலும் அவ்வாறு ஒளிர்வதில்லையாதலின், ஒளிரவில்லை என்பதால் நோய் இல்லை என்று கொள்ளலாகாது.

இதன் வித்துக்கள் உதிர்ந்த மயிரோடு வீட்டில் தங்கி, சூழ்நிலை ஏற்றதாயின் 18 மாதம் வரையிலும் உயிரோடிருக்கும். பூனையை ஊர்ப்புறத்தில் விட்டு வருவதால் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். பூனை போனாலும் வித்து வீட்டில் இருக்கும். விடப்பட்ட பூனையோ வேறு தெருவுக்கு நோயைக் கொண்டுசெல்லும். எளிதில் கழுவக்கூடிய ஓர் அறையில், வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில், குட்டியைத் தனியே வைத்து மருத்துவம் செய்வதே அறிவுடைமை. மருத்துவர் இட்ராகோனசோல் என்னும் உள்மருந்தை ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி மீண்டும் கொடுக்கச் சொல்வார். வாரம் இருமுறை சுண்ணாம்புக் கந்தகக் கரைசலில் நனைக்கவும் கூறலாம். தோட்டப்பயிருக்குத் தெளிக்கும் சுண்ணாம்புக் கந்தகத்தை அதற்குப் பயன்படுத்தற்க. பட்டுத்தறி உள்ள வீட்டார் மற்றொன்றையும் கவனிக்க: அக்கரைசலிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். சரிகை வைத்திருக்கும் அறைக்கு அருகே இவ்வேலையைச் செய்யலாகாது. தரையில் முதலில் மயிரைத் துடைத்து அகற்றிச் சோப்பு நீரால் கழுவி, பின்பே சலவைத்தூள் கரைசலால் துடைத்தல் வேண்டும். அழுக்கின்மேல் அது வேலை செய்யாது. சாயநூல் உள்ள இடத்தில் அது தெறிக்கவும் கூடாது. மயிர் முளைத்துவிட்டதென்று மருந்தை நிறுத்திவிடுதல் தவறு. நிறுத்தும் நாளை மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும்.

குழந்தையின் கையில் வட்டத் தடிப்புத் தோன்றினால் மருத்துவரிடம் வீட்டில் பூனை உண்டு என்பதையும் கூறுக. தலையில் செதிலோடு மயிர் உதிர்ந்தால் பூச்சு மருந்து போதாது, உள்மருந்து வேண்டும். கடைக்காரர் எடுத்துத் தரும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூசணமோ அதன் மறைவில் பரந்து வளரும்.

புதிதாகக் குட்டி கொண்டுவருவோர், வீட்டில் வேறு பூனை இருப்பின், முதல் மூன்று வாரம் அதனைத் தனியே வைப்பது நலம். வந்த அன்றே காது, பிடரி, வாலடி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க. எடையையும் நிறுத்துக் குறித்துக்கொள்க. மருந்தின் அளவெல்லாம் எடையைப் பொறுத்தது. கைத்தராசு இல்லையெனில், கூடையில் வைத்துச் சங்கத்தின் நூல் நிறுக்கும் தராசில் நிறுக்கலாம். குமாஸ்தா மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

மருந்திடும்பொழுது குட்டி கடித்தாலும் கீறினாலும் அற்பமென்று விடலாகாது. வெறிநோய் பூனையாலும் பரவும். ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று காட்டி, மருத்துவர் கூறும் தடுப்பூசியை எல்லாத் தவணையும் போட்டுக்கொள்ளல் வேண்டும். பூனைக்கும் மூன்று மாதம் நிறைந்தவுடன் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர்க.