நிலாவாரை: அளவறிந்து உட்கொள்ளும் முறை

நம் சங்கங்களின் அங்கத்தினர்களில் பயிரிடுவோரும் உளர், நெய்வோரும் உளர். இவ்விரு சாராரையும் ஒருங்கே தொடும் மூலிகை நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் விளையும் இதன் இலையும் காயும் 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரால் அயல்நாட்டுச் சந்தைகளிலும் விலைபோகின்றன. நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து தொழில் செய்யும் நெசவாளர் பலர் வீட்டிலோ, அதுவே மலச்சிக்கலுக்கு மருந்தாகப் புழங்குகிறது.

அண்மையில் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், முதிய அங்கத்தினர் ஒருவரின் கூலிக் கணக்கு மாதந்தோறும் இறங்கி வரக் கண்டு காரணம் வினவினேன். கால்கள் சோர்ந்து மிதிக்க இயலவில்லை என்றார். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர் அவர். அத்துடன் பல மாதங்களாக இரவுதோறும் ஒரு பிடி நிலாவாரையைக் கஷாயமிட்டுப் பருகி வந்திருக்கிறார். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்து, பொட்டாசியம் என்னும் உப்பு மிகவும் குறைந்துள்ளதாகக் கூறினராம். "இலைதானே ஐயா, அது என்ன செய்துவிடும்?" என்று என்னைக் கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலாவாரையில் சென்னோசைடு என்னும் பொருள்கள் உள்ளன. அவை பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றை வீரியமுள்ள பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் குடலின் அசைவை மிகுவித்து, நீரைக் குடலிலேயே தங்கச் செய்கிறது. ஆதலின் உட்கொண்ட 6 முதல் 12 மணி நேரத்தில் மலம் இளகி வெளிப்படும். இரவில் படுக்கும்போது உட்கொள்வதன் காரணம் இதுவே. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சென்னா இடம் பெற்றுள்ளது. மருந்தாக வேலை செய்யும் பொருளுக்கு மருந்துக்குரிய அளவும் எல்லையும் உண்டு. நூலைக் கவுண்டு பார்த்து வாங்கும் நாம், மருந்தை மட்டும் பிடிக்கணக்கில் அள்ளுவது முறையாகுமா?

வயது வந்தோருக்கு உலர்ந்த இலை ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் போதும். அதைச் சிறு தராசில் நிறுத்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிப் பருகலாம். முதன்முறை குறைந்த அளவிலேயே தொடங்குக. அளவு குறிக்கப்பெற்ற மாத்திரையோ சூரணமோ வாங்கினால், சீட்டில் கண்ட அளவை மீறலாகாது. உடனே பலன் தெரியவில்லை என்று அன்றே மறுமுறை உட்கொள்வதும் தவறு. சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ நிறம் மாறினால் அஞ்ச வேண்டுவதில்லை. எப்போதாவது ஏற்படும் சிக்கலுக்கே இது உரியது. மருத்துவர் சொன்னாலன்றி ஒரு வாரத்துக்கு மேல் தொடரலாகாது. நீண்ட நாள் தொடர்ந்தால் உடலின் நீரும் உப்பும் குறைந்து, தசை சோரும்; இதயத் துடிப்பும் தடுமாறக்கூடும். நீர் பிரியும் மாத்திரையும் சில இதய மருந்துகளும் உட்கொள்வோருக்கு இவ்வபாயம் மிகுதி.

கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக நோயாளர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடலாகாது. குழந்தைகளுக்கும் அவ்வாறே கொடுத்தல் கூடாது. கடும் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் இருக்கும்போது எவரும் உட்கொள்ளலாகாது. குடல்வால் அழற்சியோ குடலடைப்போ இருப்பின் பெருந்தீங்கு நேரும். மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், முதுமையில் புதிதாகத் தோன்றிய சிக்கல் ஆகியவற்றை இலையால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுக.

செரியாமைக்கும் சிலர் நிலாவாரையையே நாடுகின்றனர். இது பேதி மருந்தேயன்றிச் செரிமான மருந்தன்று. விருந்துண்டு வயிறு மந்தமாயின், ஓமநீரோ சுக்குக் கஷாயமோ அருந்தி, அடுத்த வேளை உணவைக் குறைப்பதே உசிதம்.

பெயரிலும் எச்சரிக்கை தேவை. சில இடங்களில் நிலாவாரையை 'அவுரி' என்றும் அழைப்பர். துணிக்கு நீலச்சாயம் தரும் செடிக்கும் அவுரி என்றே பெயர். ஆவாரையோ வேறொரு செடி. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், அறிந்த கடையில் இன்னதெனத் தெளிந்து வாங்குக. பயிரிடும் அங்கத்தினர்கள் இலையைக் கலப்பின்றிப் பறித்து, நிழலில் உலர்த்தி, ஈரமும் பூஞ்சணமும் அணுகாமல் காத்தல் வேண்டும்.

நாள்தோறும் மலம் கழியாவிடில் நோய் என்று கருதுவதும் பிழை. வாரத்துக்கு மூன்று முறை எளிதில் கழியினும் அது இயல்பே. போதிய நீர், கீரை, தவிடு நீக்காத தானியம், பழம் ஆகியவற்றோடு, மணிக்கொரு முறை தறியினின்று எழுந்து சற்றே நடப்பதும் நன்மை தரும். இவற்றால் தீராதபோது மட்டுமே நிலாவாரையை நாடுக.

அம்முதியவர் மருத்துவர் சொற்படி கஷாயத்தை நிறுத்திவிட்டார். இலை தீயதன்று, அளவும் நாளும் அறியாமையே தீயது. இதனை அங்கத்தினர்கள் தத்தம் இல்லத்துப் பெரியோருக்கும் எடுத்துரைப்பாராக.