மகனுக்கு என்ன பதில் சொல்வாள் வெண்பா?

"அடேய்! தட்டை அப்படியா அடுக்குவாங்க? கீழே இருக்கிற இட்லி நசுங்கிப் போகும்டா!"

இப்படிச் சத்தம் போட்டார் ஓர் ஆயா. அவர் அடுப்பங்கரையில் இருந்தார் என்று நினைக்காதீர்கள். பேரனின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருந்தார்!

ஊர், கண்ணமங்கலம். ஜவ்வாது மலை அடிவாரம். உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஆயா எனக்குப் பெரியம்மா முறை. பள்ளிக்கூட விடுமுறை ஆனதால் பேரன் விடியோ விளையாட்டு ஆடிக்கொண்டு இருந்தான். பெரியம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு இருந்தார்.

விடியோ விளையாட்டு என்றால் துப்பாக்கிச் சண்டை, கார் பந்தயம் என்றுதான் அவர் எண்ணி இருந்தார். இதிலே இட்லிப் பானை வந்தது. கீரையைக் கீழே வைத்துவிட்டார்!

ஆட்டத்தின் பெயர் "வெண்பா". கனடா நாட்டில், டொரண்டோ நகரில் உள்ள "விசை கேம்ஸ்" என்ற சிறிய நிறுவனம் தயாரித்தது. 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. மறு ஆண்டே பிரிட்டனின் புகழ்பெற்ற "பாப்டா" பரிசு, முதல் படைப்புக்கான பிரிவில் இதற்குக் கிடைத்தது.

கதை இதுதான். வெண்பா, பாவலன் என்று ஒரு தம்பதி. தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குக் குடியேறுகிறார்கள். அங்கே ஒரு மகன் பிறக்கிறான். பெயர் கவின். வெண்பாவிடம் அவள் தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. அது கிழிந்து, கறை படிந்து, பல வரிகள் அழிந்து போனது. அழிந்ததை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை மாற்றி அடுக்குவது அதில் ஒன்று. பெரியம்மா ஒரே நொடியில் சொல்லிவிட்டார்.

ஆயாவின் கேள்வி

கவின் வளருகிறான். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். வெண்பா என்ன சொல்லவேண்டும்? திரையில் சில பதில்கள் வருகின்றன. ஒன்றை நாம் பொறுக்க வேண்டும்.

பேரன் படித்துக் காட்டினான். பெரியம்மா யோசித்தார். "கோபமா ஒண்ணும் சொல்லாதே. புள்ளை இன்னும் விலகிப் போயிடும்" என்றார். அவருடைய இளைய மகனும் அமெரிக்காவில்தான் இருக்கிறான்.

அவர் சொன்னதையே பேரன் அழுத்தினான். கதை நகர்ந்தது. கவின் விலகித்தான் போனான். மறுபடி முதலில் இருந்து ஆடி, வேறு பதிலை அழுத்தினான். அப்போதும் கதை அதே வழியில்தான் போயிற்று.

"எதைச் சொன்னாலும் ஒண்ணுதான்னா, என்னை எதுக்குடா கேட்கிறான்?" என்றார் பெரியம்மா.

நல்ல கேள்வி. உலகம் எங்கும் விளையாட்டுத் தயாரிப்பவர்களைத் திணற வைக்கும் கேள்வி!

நம் வீட்டுப் பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணி, பாம்பு, வைகுண்டம் என்று அதில் ஒரு கதை உண்டு. ஆனால் எல்லாம் தாயக்கட்டை விழுவதைப் பொறுத்தது. நம் இஷ்டத்துக்கு இடம் இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலும் நம் இஷ்டம். ஆனால் கதை கிடையாது. கதையும் வேண்டும், நம் இஷ்டமும் நடக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்?

கணக்குப் போடுங்கள். ஒரு கதையில் பத்து இடங்களில் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில். எல்லாக் கிளைகளையும் தனித்தனியாக விட்டால் 1,024 முடிவுகள் எழுதவேண்டும்! யாரால் முடியும்? அதனால் கிளைகளைப் பிரித்துவிட்டு, கொஞ்ச தூரத்தில் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். இங்கே நாகநதியும் கமண்டல நதியும் செய்வது போலத்தான். இரண்டும் ஜவ்வாது மலையில் பிறந்து வேறு வேறு வழியில் இறங்குகின்றன. பிறகு கமண்டல நாகநதியாக ஒன்றாகி, செய்யாற்றில் கலக்கின்றன.

நிஜமாகவே முடிவு மாறும் ஆட்டங்களும் உண்டு. 2018-ல் வந்த "டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்" ஒன்று. அதில் முக்கியப் பாத்திரமே பாதியில் செத்துப்போகலாம். அவர் இல்லாமலே கதை தொடரும்.

நானூறு கேக்

ஏமாந்தவர்கள் சும்மா இருப்பார்களா? 2012-ல் "மாஸ் எபெக்ட் 3" வந்தது. முந்தைய இரண்டு பாகங்களில் இருந்தே ஆடுகிறவர்கள் பல முடிவுகள் எடுத்து வந்தார்கள். கடைசியில் பார்த்தால், எல்லா முடிவுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நிறம்தான் வேறு! ரசிகர்கள் கொதித்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களில் சுமார் 400 சின்னக் கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். எந்த நிறத்தைத் தின்றாலும் ஒரே ருசி! சில மாதங்களில் நிறுவனம் முடிவை விரிவாக்கி இலவசமாகக் கொடுத்தது.

ஆனால் பெரியம்மா கேக் அனுப்பும் கட்சி இல்லை.

அவர் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். இந்தப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவு முழுவதும் பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீட்டிக் கிடப்பான். அவன் சாவான் என்பது குழந்தைக்கும் தெரியும். அப்படி இருந்தும் அங்கே பெண்கள் அழுகிறார்கள். "முடிவை மாற்று" என்று யாரும் கேட்பது இல்லை.

கூத்தில் பார்த்து அழலாம். வெண்பாவில் அந்தத் தாயின் வாய்க்குள் நம்மையே உட்கார வைத்துவிடுகிறார்கள். மகன் மாறமாட்டான். அவனிடம் எப்படிப் பேசினோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. எனக்கு இது ஏமாற்று வேலையாகத் தோன்றவில்லை. (ஆட்டத்தின் முடிவை நான் இங்கே சொல்லப்போவது இல்லை. ஆடிப் பாருங்கள்.)

அன்று இரவு அமெரிக்காவில் இருந்து போன் வந்தது. மகன் பேசினான். பிறகு அங்கே உள்ள சின்னப் பேரன் முகத்தைக் காட்டி, ஆங்கிலத்தில் கடகடவென்று ஏதோ சொன்னான்.

பெரியம்மா உடனே வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பேரனை ஒரு தரம் பார்த்தார். அவன் சிரித்தான்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்றார் பெரியம்மா.

போனுக்குள் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"சாப்ட்டேன் ஆயா" என்றது மழலை.