பழைய ஈ.பீ.எப். பணம் என்ன ஆனது? புதிய வேலையோடு அதைச் சேர்ப்பது எப்படி?

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் மண் சரிந்தபோது லயங்களோடு அடையாள அட்டைகளும், பிறப்புச் சான்றிதழ்களும், சம்பளத் துண்டுகளும் புதைந்து போயின. ஆனால் நீங்கள் உழைத்துச் சேர்த்த ஓய்வுகாலப் பணம் புதையவில்லை. அது உங்கள் பெயரில் இன்னும் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து, இப்போதைய வேலையின் கணக்கோடு சேர்க்கும் வழியை இங்கே விளக்குகிறோம்.

உங்களுக்கு உரியது என்ன?

ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பீ.எப்.) உங்கள் சம்பளத்திலிருந்து குறைந்தது 8%, தொழில் தருநரிடமிருந்து குறைந்தது 12% செல்ல வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டீ.எப்.) தொழில் தருநர் மட்டும் 3% கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்றால் ஈ.பீ.எப். 4,000 ரூபாய் (உங்களுடையது 1,600, தொழில் தருநருடையது 2,400), ஈ.டீ.எப். 600 ரூபாய்.

இவை தவிர, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்குச் சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட்சம்பளம். கடைசி நாட்சம்பளம் 1,000 ரூபாய், சேவை 20 வருடம் என்றால் 2,80,000 ரூபாய்.

கணக்குகள் தாமாகச் சேர்வதில்லை

அனர்த்தத்துக்குப் பின் சிலர் வேறு தோட்டத்துக்கும், சிலர் பண்டாரவளைக் கடைகளுக்கும், பிள்ளைகள் கொழும்புக்கும் வேலைக்குப் போனார்கள். வேலை மாறும்போது புதிய அங்கத்துவ இலக்கம் கிடைக்கும். பழைய இலக்கத்தில் உள்ள பணம் அங்கேயே வட்டியோடு இருக்கும். ஓய்வு பெறும் நாளில் ஓர் இலக்கத்தை மட்டும் காட்டினால், மற்றது மறந்து போகலாம்.

செய்ய வேண்டியவை

1. முதலில் தேசிய அடையாள அட்டையைப் பெறுங்கள். விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்த வேண்டும்.

2. பெயரைச் சரிபாருங்கள். செக்ரோலில் கூப்பிடும் பெயரும், அடையாள அட்டையில் வேறு பெயரும் இருந்தால் பணம் தாமதமாகும். இரண்டும் ஒருவரே என்பதற்குத் தோட்ட அலுவலகத்தில் கடிதம் கேளுங்கள்.

3. வேலை செய்த ஒவ்வொரு இடத்தின் பெயரையும், வருடங்களையும், அங்கத்துவ இலக்கத்தையும் எழுதி வையுங்கள். இலக்கம் தெரியாவிட்டால் தோட்ட அலுவலகப் பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

4. பதுளை தொழில் அலுவலகத்தில், அல்லது மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களத்தில், கணக்குகளை ஒன்றிணைக்குமாறு எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

5. சில தோட்டங்களில் பணம் ஈ.பீ.எப்.புக்குப் போகாமல் இ.எஸ்.பி.எஸ்., சி.பி.பி.எஸ். போன்ற தனிச் சேமலாபச் சங்கங்களுக்குப் போகும். அது மத்திய வங்கிக் கணக்கில் தெரியாது. “எங்கள் காசு எந்தச் சங்கத்துக்குப் போனது?” என்று தோட்ட அலுவலகத்தில் கேட்டு, அந்தச் சங்கத்திடமே விசாரியுங்கள்.

எடுப்பதா, விடுவதா?

ஈ.பீ.எப். பணத்தை ஆண்கள் 55 வயதிலும், பெண்கள் 50 வயதிலும் வேலையை விட்டு எடுக்கலாம். அதற்கு முன், 10 வருட அங்கத்துவமும் கணக்கில் குறைந்தது 3 லட்சம் ரூபாயும் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30% வரை கேட்கலாம். வீடு கட்டித் தரப்பட்டிருந்தால் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். வயதான காலத்தில் கொழுந்து பறிக்க முடியாதபோது கைகொடுப்பது இந்தப் பணம்தான். கையில் உள்ள சேமிப்பையும் இதில் போட விரும்புவோர், மாதந்தோறும் 8%க்கு மேல் பிடிக்குமாறு தொழில் தருநரிடம் கேட்கலாம்.

குடும்பத்தில் இறந்தவர் இருந்தால்

அவருடைய ஈ.பீ.எப்., ஈ.டீ.எப்., சேவைக்காலப் பணம் மூன்றும் குடும்பத்துக்கு உரியவை. அவர் பின்னுரித்தாளியாக யாரைப் பதிந்தார் என்று பாருங்கள். பதியாவிட்டால் சட்டப்படியான வாரிசுகள் கேட்கலாம். இறப்புச் சான்றிதழ் இன்னும் கிடைக்காதவர்கள் ஹல்துமுல்லை பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உங்கள் பின்னுரித்தாளி இப்போது உயிரோடு இல்லை என்றால், இன்றே பெயரை மாற்றிப் பதியுங்கள்.

இந்த வேலைகளுக்குத் தரகர் தேவையில்லை. அடையாள அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் பிள்ளைகளையோ எமது களப் பணியாளரையோ உதவிக்கு அழையுங்கள். வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வையுங்கள்.